மும்பையிலிருந்து மாதேரான்: முதல் தடவை போகிறவர்களுக்கு

மாதேரான் ஊருக்குள் வெளியிலிருந்து வரும் கார், பைக் எதுவும் போக முடியாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், செம்மண் பாதையும் அடர்ந்த காடுமாக இருக்கும் ஊர் இது. பெரும்பாலும் நடந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. காலை 9 மணிக்குள், வண்டிகள் நின்றுவிடும் இடமான தஸ்தூரியைத் தாண்டிவிட்டால் ஒரே நாளில் நிம்மதியாகச் சுற்றலாம். 11 மணி ஆகிவிட்டால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

முடிந்தால் வார நாள். ஞாயிறுதான் முடியும் என்றால், சென்ட்ரல் லைனில் எங்கே மெகா பிளாக் (பராமரிப்பு வேலைக்காக ரயில்களை நிறுத்துவது) என்று சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் மரமும் மூடுபனியும் அத்தனை அழகு. ஆனால் பள்ளத்தாக்கைப் பார்க்கும் முனைகளான ‘பாயிண்ட்’களில் எதில் நின்றாலும் எதிரே வெள்ளைத் திரைதான். எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

2. சரியான லோக்கலில் ஏறுங்கள்

இறங்க வேண்டிய இடம் நேரல். சயான், மாட்டுங்கா, தாராவிக்காரர்கள் தாதருக்குப் போய் ஃபாஸ்ட் லோக்கல் (சில ஸ்டேஷன்களில் மட்டும் நிற்பது) பிடிப்பது நல்லது. செம்பூர்க்காரர்கள் குர்லாவில் மாறலாம், அங்கே அந்த வண்டி நிற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாட்ஃபாரத்து அறிவிப்புப் பலகையான இண்டிகேட்டரில் ‘எஸ்’ என்றால் கர்ஜத், ‘கேபி’ என்றால் கோபோலி. இரண்டுமே நேரலில் நிற்கும். ‘என்’ என்றால் கசாரா. கல்யாணுக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிவதால், கசாரா வண்டியில் உட்கார்ந்து தூங்கிவிட்டால் வேறு திசைக்குப் போய்விடுவீர்கள். பத்லாப்பூர் வண்டியும் நேரல் வரை வராது. தாதரிலிருந்து ஃபாஸ்ட்டில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆறு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். ரிட்டன் டிக்கெட்டாகவே எடுத்துவிட்டால் மாலையில் கவுன்டர் வரிசை மிச்சம்.

3. நேரலிலிருந்து தஸ்தூரி

மாதேரானுக்கு 1907-இல் ஓடத் தொடங்கிய சின்ன ரயில் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இரண்டடி அகலத் தண்டவாளம், 21 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இருக்கை குறைவு, டிக்கெட்டுக்குக் கூட்டம் அதிகம். ஒரு நாள் பயணத்தில் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அந்த ரயிலுக்காகவே இன்னொரு நாள் வரலாம், அதற்குத் தகுதியானதுதான். மழைக்காலத்தில் மண்சரிவு பயத்தால் இந்தப் பாதையை நிறுத்திவிடுவார்கள். 2005 ஜூலை வெள்ளத்தில் தண்டவாளமே அடித்துப் போனது.

ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் டாக்ஸி நிற்கும். ஆள் நிறைந்ததும் எடுப்பார்கள். வளைவுகள் செங்குத்தானவை, குமட்டல் வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

4. தஸ்தூரியில் ஏமாறாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். டாக்ஸி கதவைத் திறந்ததுமே, “ஊர் ரொம்ப தூரம், நடக்க முடியாது, குதிரை எடுங்கள்” என்று சிலர் சூழ்ந்துகொள்வார்கள். உண்மையில் ஊர் நடுவில் இருக்கும் மார்க்கெட் இரண்டரை, மூன்று கிலோமீட்டர்தான். முக்கால் மணி நேர நடை. இப்படித் தவறான தகவல் சொல்லிப் பயணிகளிடம் பணம் பறிப்பதை எதிர்த்து, 2025 மார்ச்சில் ஊர்க்காரர்களே கடையடைப்பு நடத்தினார்கள்.

நேராக நகராட்சிக் கவுன்டருக்குப் போய் நுழைவுக் கட்டணம் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளி அமன் லாட்ஜ் ஸ்டேஷன். அங்கிருந்து மார்க்கெட் வரை ஷட்டில் ரயில் உண்டு. மழைக்காலத்திலும் பெரும்பாலும் ஓடும். பெரியவர்கள், குழந்தைகள் இருந்தால் அதுவே சரி. மற்றவர்கள் தண்டவாள ஓரமாக நடங்கள், ஏற்றம் குறைவு. ரயில் சத்தம் கேட்டால் ஒதுங்கி நில்லுங்கள். குதிரை வேண்டும் என்றால், எந்தெந்த பாயிண்ட், எத்தனை மணி நேரம், ஒருவருக்கா மொத்தமா என்று பேசி முடித்த பிறகே ஏறுங்கள். மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கைரிக்‌ஷாவை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

5. மேலே எந்த வழியில்

எல்லா பாயிண்ட்டையும் ஒரே நாளில் தொட நினைத்தால் எதையும் பார்த்ததாக இராது. மார்க்கெட்டிலிருந்து ஷார்லட் ஏரி, பக்கத்திலேயே லார்ட் பாயிண்ட், எக்கோ பாயிண்ட், கடைசியாக லூயிஸா பாயிண்ட். அங்கே எதிரில் பிரபல்கட் கோட்டைக் குன்று எழுந்து நிற்கும். மொத்தமாகப் போய்த் திரும்ப நான்கு மணி நேரம் வையுங்கள். பனோரமா பாயிண்ட் வடக்குக் கோடியில் இருக்கிறது. அதை இரவு தங்குகிறவர்கள் விடியலில் பார்க்கட்டும். ஏரி, ஊர்க்காரர்களின் குடிநீர். அதில் இறங்காதீர்கள், கை கால் கழுவாதீர்கள்.

புளியோதரையோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு போனால் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வையுங்கள். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையைக் குரங்கு நொடியில் பிடுங்கிவிடும். பிடித்து இழுக்காதீர்கள், கடிக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அடி வழுக்காத ஷூ, சில்லறையோடு ரொக்கம். வெள்ளைத் துணி வேண்டாம். செம்மண் கறை சுலபத்தில் போகாது.

6. இறங்குவது

மார்க்கெட்டை விட்டு மாலை நான்கரைக்குள் கிளம்புங்கள். சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றால், காட்டுப் பாதையில் இருட்டிவிடும். தஸ்தூரியில் டாக்ஸியும் குறைந்துவிடும். அஸ்தமனம் வேண்டும் என்றால் அறை எடுத்துத் தங்குங்கள். ஞாயிறு மாலை கர்ஜத்திலிருந்து வரும் வண்டி நேரலுக்கே நிரம்பி வரும். குழந்தைகளோடு இருந்தால் அடித்துப் பிடித்து ஏறாமல் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள்.