மீத்திறன் மாணவர்களுக்கான கணித ஆசிரியர் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணிதத்தில் மீத்திறன் கொண்ட பிள்ளைகளை எவ்வாறு வழிநடத்துவது என்று ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக, அண்மையில் மட்டக்களப்பில் நடந்த ஒருநாள் செயலமர்வில் நான் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். புதிய வளவாளர்கள் இருவரும், ஒரு காலத்தில் நான் விட்ட பிழைகளை ஒழுங்குகூட மாறாமல் விட்டார்கள். நேரம் பிந்துவது, மின்சாரம் நின்றதும் தடுமாறுவது போன்றவை அனுபவத்தில் தாமாகவே சரியாகிவிடும் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

வேகத்தைத் திறமை என்று காட்டுதல்

தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள்களோடு பழகிய ஆசிரியர்களுக்கு, முதலில் கை உயர்த்தும் பிள்ளையே கெட்டிக்காரப் பிள்ளை. சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டிலோ ஒரு நாளில் மூன்றே மூன்று கணக்குகளுக்கு நான்கரை மணித்தியாலம் கொடுக்கிறார்கள்.

முந்தி முடித்த பிள்ளைக்கு மேலும் இருபது கணக்கு

அது தண்டனை. பிள்ளை மறுநாளே மெதுவாகச் செய்யப் பழகிவிடும்.

கணக்கோடு விடையையும் கையில் கொடுத்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் பிழை இது. பல ஆண்டுகளாக நானே இதைச் செய்தேன். பத்துக் கணக்குகளையும் அவற்றின் மாதிரி விடைகளையும் ஒன்றாகப் பிணைத்து ஆசிரியர்களுக்கு விநியோகித்தேன். அவற்றுள் ஒன்று: பலகையில் 1 முதல் 10 வரையான எண்கள் உள்ளன, ஒவ்வொரு முறையும் ஏதேனும் இரண்டை அழித்து, அவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து 1 ஐக் கழித்து வருவதை எழுத வேண்டும், இறுதியில் எஞ்சும் எண் எது? ஒவ்வொரு முறையும் மொத்தம் 1 ஆல் குறைகிறது, இது ஒன்பது முறை நடக்கிறது, ஆகவே 55 − 9 = 46 என்பது எனது விடை.

சில மாதங்களின் பின்னர், படுவான்கரையில் உள்ள பாடசாலை ஒன்றில் தரம் 8 மாணவி ஒருத்தியின் கொப்பியைப் பார்த்தேன். அவள் எல்லா எண்களிலிருந்தும் முதலிலேயே 1 ஐக் கழித்து, 0 முதல் 9 வரை எழுதியிருந்தாள். அவ்வாறு எழுதினால் விதி வெறும் கூட்டலாகிவிடுகிறது: மொத்தம் 45, கழித்த 1 ஐத் திருப்பிச் சேர்த்தால் 46. எனது விடையைவிட அழகானது. அதன் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் 'முறை பிழை'. ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனெனில் அவர் கையில் இருந்தது எனது தாள். அந்தக் கணக்கில் அவர் ஒருபோதும் சிக்கித் திணறியதில்லை. ஆகவே வேறொரு வழியும் இருக்கக்கூடும் என்று எண்ண அவருக்குக் காரணமே இருக்கவில்லை. அதற்கடுத்த பக்கங்களிலெல்லாம் அந்தப் பிள்ளை பலகையில் இருந்ததை அப்படியே பிரதி செய்திருந்தாள்.

இப்பொழுது நான் கணக்கை மட்டும் கொடுத்துவிட்டு முப்பது நிமிடங்கள் வாய் திறப்பதில்லை. "சேர், விடையைச் சொல்லுங்கோ" என்று கேட்பார்கள்; சிலர் தேநீருக்கு எழுந்து போவார்கள். பின்னர், கிடைத்த வழிகள் அனைத்தையும் பலகையில் எழுதி, 'இடமிருந்து வலமாக ஒருமுறை செய்து பார்த்தேன், 46 வந்தது' என்ற குறைபாடான விடையொன்றையும் நானே அவற்றோடு கலந்து, எதற்கு எத்தனை புள்ளி என்று அவர்களையே தீர்மானிக்க விடுகிறேன். எந்த ஒழுங்கில் அழித்தாலும் 46 தான் வரும் என்பதை அது நிறுவவில்லை. ஆயினும் அதற்கு முழுப்புள்ளி கொடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். அந்த வாக்குவாதத்துக்காகவே செயலமர்வு.

மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே இறக்குதல்

தரம் 8 பிள்ளைக்கு இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை மனனம் செய்விப்பது ரியூட்டறி வேலை.

ஒரே நாளோடு முடித்தல்

மூன்று வாரங்களின் பின்னர் ஆசிரியர்களை மீண்டும் அழைக்கிறேன். பிள்ளைகளின் சிறந்த விடைகளை நான் கேட்பதில்லை; தமக்கு விளங்காத விடைகளை மட்டும் திருத்தாமல் கொண்டுவரச் சொல்கிறேன்.