பென்சீன்–டொலுவீன் கலவையின் அடர்த்தியை 100 மெகாபாஸ்கல் வரை அளப்பது எப்படி?

அதிர்வுக் குழாய் அடர்த்திமானி (உள்ளே திரவம் நிரம்பிய குழாய் அதிரும் வேகத்தை வைத்து அடர்த்தி சொல்லும் கருவி), தெர்மோஸ்டாட், திருகி பிரஷர் ஏற்றும் கைப்பம்ப் மூன்றும் தயாராக இருக்கட்டும். மோட்டார் பம்பைவிடக் கைப்பம்பே நல்லது. காரணம் 5-ஆம் படியில்.

1. நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) எங்கிருந்தாலும் கழற்றிவிடுங்கள். இந்தத் திரவங்களில் அது உப்பிப்போகும். விட்டான் அல்லது டெஃப்லான் போடுங்கள். நைட்ரைல் கையுறையையும் நம்பாதீர்கள், பென்சீன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். ஃப்யூம் ஹுட்டுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு மேசை) வெளியே பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

2. அதிர்வுக் காலத்தின் (குழாய் ஒரு முறை அதிர ஆகும் நேரம்) வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கி, இன்னொரு மாறிலியைக் கழித்தால் அடர்த்தி. முதல் மாறிலி வெப்பநிலையைப் பொறுத்தது, இரண்டாவது பிரஷரையும் சேர்த்துப் பொறுத்தது. ஆகவே வெற்றிடத்தில் ஒரு முறையும், காற்று நீக்கிய தண்ணீரை வைத்து ஒவ்வொரு பிரஷரிலும் அளந்து இரண்டையும் கண்டுபிடியுங்கள். சரிபார்க்க, 25 டிகிரி செல்சியஸில் சாதாரண அழுத்தத்தில் டொலுவீன் கனமீட்டருக்கு 862.2 கிலோ காட்ட வேண்டும்.

3. சம மோல் கலவைக்கு 50 மில்லி பாட்டிலில் முதலில் 23.035 கிராம் டொலுவீன், பிறகு 19.528 கிராம் பென்சீன். சீக்கிரம் ஆவியாவது கடைசியில்தான். பாட்டில் ஏறக்குறைய நிரம்பிவிடும், அதுதான் தேவை. காற்றை நீக்குவது கலப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கலந்தபின் வெற்றிடத்தில் வைத்தால் பென்சீன் அதிகமாக வெளியேறி, எடை போட்ட விகிதம் மாறிவிடும்.

4. அடர்த்திமானியின் குழாயைக் கீழிருந்து மேலாக மெதுவாக நிரப்புங்கள். அதிர்வுக் காலத்தின் கடைசி இலக்கம் நிற்காமல் அலைந்தால் உள்ளே குமிழி இருக்கிறது, மறுபடி நிரப்புங்கள்.

5. தடுமாற வைக்கும் படி இதுதான். ஒரே மூச்சில் 10 மெகாபாஸ்கல் ஏற்றினால் திரவம் சுமார் 2 டிகிரி சூடாகிறது. அடர்த்தி கனமீட்டருக்கு 2 கிலோவரை குறைந்து தெரியும். அந்த 10 மெகாபாஸ்கல் தரும் உயர்வே 8 கிலோ வாக்கில்தான்! அதிர்வுக் காலம் பத்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி, சுத்தமான பென்சீனை அளக்கும்போது. அது 5.5 டிகிரியில் உறையும் திரவம். பிரஷர் ஏற ஏற உறைநிலையும் ஏறி, 70 மெகாபாஸ்கல் வாக்கில் 25 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். செல்லை (அதிர்வுக் குழாய் இருக்கும் பகுதி) 40 டிகிரியில் வைத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருப்போம். பம்புக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள குழாய் அறை வெப்பத்தில்தானே இருக்கிறது, அங்கே உறைந்து அடைத்துக்கொள்ளும். பிடியைக் கால் சுற்று திருப்பினாலே பிரஷர் தாவும், அதிர்வுக் காலமோ அப்படியே நிற்கும். கைப்பம்பில் இந்த இறுக்கம் உடனே கைக்குத் தெரியும். மேலும் திருகாதீர்கள். 50-க்கு இறக்கினால் உருகிவிடும். பிறகு குழாய், பம்ப் இரண்டுக்கும் ஹீட்டர் டேப் சுற்றி 40 டிகிரியில் வையுங்கள்.

6. 100 வரை ஏறியபின் அதே புள்ளிகளில் இறங்கியும் அளவெடுங்கள். ஏற்றத்தில் வந்த எண் இறக்கத்தில் வரவில்லையென்றால் ஒன்று பொறுமை போதவில்லை, இல்லையேல் எங்கோ கசிகிறது. பிரஷரை 60-இல் பூட்டி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.