புதுப் புள்ளியெல்லாம் புது மூலம் அல்ல: எக்ஸ் கதிர் வானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி எடுத்த முந்தைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி இந்தப் படத்தில் இருக்கிறது. பழைய பட்டியல்களைத் தேடினால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. 'புதிய எக்ஸ் கதிர் மூலம்' (எக்ஸ் கதிர்களை உமிழும் வான்பொருள்) என்று அறிவிக்கக் கை பரபரக்கும். அதிகம் நடக்கும் தவறு இங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலில் இல்லை என்றால், அந்தத் தொலைநோக்கிக்கு அன்று எட்டவில்லை என்று மட்டும்தான் பொருள். 1990-91-இல் முழு வானத்தையும் அலசிய ரோசாட் என்ற செயற்கைக்கோள், 0.1 முதல் 2.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான மென்கதிர்களை, அதாவது ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்களையே பார்த்தது. அடர்ந்த வாயுவுக்குப் பின்னால் இருக்கும் மூலத்தின் மென்கதிர்களை அந்த வாயுவே விழுங்கிவிடும். அது காலங்காலமாக ஒளிர்ந்திருந்தாலும் ரோசாட் கண்ணில் பட்டிருக்காது. அதனால் முதலில், அந்த இடத்தில் எவ்வளவு மங்கலானதுவரை முன்பு பிடிபட்டிருக்கும் என்ற உச்சவரம்பைக் கணக்கிடுங்கள். ஒரே ஆற்றல் வரம்பில் ஒப்பிட்டு, இப்போதைய பிரகாசம் அதைவிடப் பல மடங்கு இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

உண்மையாகவே பொங்கியது என்றாலும், முதல்முறை பொங்கியது என்று ஆகிவிடாது. கருந்துளை ஒன்றைக் கொண்ட ஏ 0620-00 என்ற இரட்டை அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 1975-இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் அதைப் பிடித்தது. பழைய ஒளிப்படத் தகடுகளைப் புரட்டியபோது, 1917-லேயே அது ஒருமுறை பிரகாசித்திருந்தது தெரிந்தது.

அடுத்தது, கருவியின் ஏமாற்று. சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் சிசிடியில் (படம் பிடிக்கும் சில்லு) விண்ணிலிருந்து வரும் அதிவேகத் துகளான ஒரு காஸ்மிக் கதிர் மோதினால், அந்த மின்னூட்டம் ஒரேயடியாக வடியாது. அடுத்தடுத்த ஃபிரேம்களில் அதே பிக்சலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அசல் வெடிப்பு மாதிரியே இருக்கும். பதிவான நிகழ்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்: ஒரே பிக்சல், படிப்படியாக இறங்கும் ஆற்றல். வானத்து ஃபோட்டான்கள் அப்படி வரிசையாக வராது. இன்னொரு சோதனையும் உண்டு. சந்திரா தன் பார்வையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்ச நேரம் நீடிக்கும் அசல் மூலம் டிடெக்டரில் நகரும், வானத்தில் நகராது. கெட்டுப்போன பிக்சல் நேர்மாறாக, டிடெக்டரில் அப்படியே நிற்கும்.

2024 ஜனவரியில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் புரோப் செயற்கைக்கோளின் அகலப்பார்வைத் தொலைநோக்கி சிங்கி இறாலின் கண்ணைப் போன்ற ஒளியியல் கொண்டது. அதில் ஒவ்வொரு மூலமும் சிலுவை வடிவில் விழும். பிரகாசமான மூலத்தின் சிலுவைக் கைமேல் தெரியும் 'புதுப் புள்ளி'யை அவசரப்பட்டு நம்பாதீர்கள்.

அப்புறம், கணக்கு. தற்செயலாக வர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்று மகிழ வேண்டாம். பத்து லட்சம் கட்டங்களில் தேடினால் சுமார் நூறு பொய்ப் புள்ளிகள் கிடைக்கும்.

பிழைவட்டத்துக்குள், அதாவது புள்ளியின் உண்மையான இடம் இருக்கக்கூடிய வட்டத்துக்குள், நமக்கு அருகிலுள்ள செங்குறுமீன் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் சாதாரணச் சீற்றமே பல நேரம் விடையாக இருக்கும்.

சரி, இத்தனையும் பார்க்கிறேன் என்று நாள்களைக் கடத்தினால் அது இதைவிடப் பெரிய தவறு. 2008 ஜனவரி 9 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், என்ஜிசி 2770 விண்மீன் மண்டலத்தில் வேறொரு சூப்பர்நோவாவை (வெடித்துச் சிதறும் விண்மீன்) பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சில நிமிடங்களே நீடித்த எக்ஸ் கதிர் வெடிப்பு ஒன்று பதிவானது. வானியலாளர் அலிசியா சோடர்பெர்க்கின் குழு தாமதிக்காமல் மற்ற தொலைநோக்கிகளையும் அங்கே திருப்பவைத்தது. அதனால்தான் எஸ்என் 2008டி என்ற சூப்பர்நோவாவை அதன் தொடக்கத்திலிருந்தே பின்தொடர முடிந்தது. ஆகவே அடிப்படைச் சோதனைகள் முடிந்ததும் அறிவித்துவிடுங்கள். இடம், அதன் பிழை அளவு, நேரம், ஆற்றல் வரம்பு, இன்னும் தீராத சந்தேகம் எல்லாவற்றையும் அந்த அறிவிப்பிலேயே எழுதுங்கள்.