பழங்குடிப் பெண்களோடு உடல்நல ஆய்வா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கனடாவில் பழங்குடிப் பெண்கள், டூ-ஸ்பிரிட் (ஆண், பெண் இரண்டின் ஆன்மாவும் தம்மிடம் உண்டு என்று சொல்லும் பழங்குடியினர்) உள்ளிட்ட பாலினப் பன்மையர் பற்றிய ஆய்வுகளில் முதல் சறுக்கல் ஒப்புதலில்தான். பேண்ட் கவுன்சில் (பழங்குடிச் சமூகத்தை நிர்வகிக்கும் மன்றம்) கையெழுத்துப் போட்டால் ஊரே சம்மதித்ததாக எழுதிவிடுகிறார்கள். கையெழுத்து அவசியம்தான், ஆனால் போதாது. அந்தக் கவுன்சில் தேர்தல்களில் 1951 வரை பெண்களுக்கு வாக்கே கிடையாது. பழங்குடி அந்தஸ்து (அரசுப் பதிவேட்டில் பழங்குடி என்ற சட்ட அங்கீகாரம்) இல்லாதவரை மணந்த பெண்களின் அந்தஸ்தை 1985 வரை சட்டம் பறித்துவந்தது. அந்தஸ்து பெற்றவர்களின் பட்டியலை மட்டும் நம்பி ஆள் சேர்த்தால் பலர் விடுபட்டுப்போவார்கள். பெண்கள், மூத்தோர், டூ-ஸ்பிரிட் இளைஞர்கள் கொண்ட குழுவை நிதி கேட்கும் முன்பே கூட்டுங்கள். கேள்வியை மாற்றவும் ஆய்வை நிறுத்தவும் அதற்கு அதிகாரம் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

அடுத்தது தரவு. 1980களில் மூட்டுவாத ஆய்வுக்கென்று கனடாவின் மேற்குக் கரையில் வாழும் நூ-சா-நுல்த் பழங்குடி மக்களிடம் எடுத்த ரத்தம், அவர்களைக் கேட்காமலே வேறு மரபணு ஆய்வுகளுக்குப் போனது; 2004இல்தான் திரும்பி வந்தது. எனவே எந்தக் கேள்விக்கு மட்டும், எங்கே, எத்தனை ஆண்டு வைப்பது, யார் அழிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். புதிய பயன்பாடென்றால் புதிதாக அனுமதி.

பெயரை நீக்கினால் அடையாளம் மறையாது. சில நூறு பேர் வாழும் ஊரில் "முப்பது வயது, டூ-ஸ்பிரிட், நர்ஸ்" என்றால் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண்ணை அப்படியே வெளியிடாதீர்கள். அதற்காக டூ-ஸ்பிரிட் ஆட்களைப் பெண்களோடு சேர்த்தும் எண்ணாதீர்கள். வயதுப் பிரிவுகளை இணையுங்கள், அல்லது பல ஊர்களின் தரவைச் சேர்த்துக் காட்டுங்கள்.

படிவத்தில் "ஆண், பெண், மற்றவை" போதாது. பிறப்பில் பதிந்த பாலினத்தையும் இப்போதைய பாலினத்தையும் தனித்தனியே கேளுங்கள்; ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கவும், சொல்ல மறுக்கவும் இடமிருக்கட்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றியதென்றால் "கருப்பைவாய் உள்ளவர்கள்" என்றே அழையுங்கள். "பெண்களுக்கு மட்டும்" என்ற சுவரொட்டியைப் பார்த்தே திருநர் ஆண்கள் (பிறப்பில் பெண் என்று பதிவான ஆண்கள்) திரும்பிப்போய்விடுவார்கள்.

பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மதிப்பூதியத்தை அன்றே ரொக்கமாகக் கொடுங்கள்; குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும், வண்டிச் செலவும், சாப்பாடும் தனி. முதல் குடிகள் (First Nations) எனப்படும் கனடாப் பழங்குடிகள் பலவற்றில் மூத்தோரிடம் அறிவைக் கேட்கும்போதே புகையிலை அளிப்பது மரபு. பேட்டி முடிந்த பின் கொடுத்தால் அது கூலி போலாகிவிடும். ஆர்க்டிக் பகுதியின் பழங்குடிகளான இனுயிட் மக்களிடம் இந்த மரபு இல்லை, அங்கே கொண்டுபோகாதீர்கள்.

முடிவுகளை ஆய்விதழுக்கு அனுப்பும் முன், தொடக்கத்தில் கூட்டிய அந்தக் குழு படிக்கட்டும். திருத்தக் குறைந்தது ஒரு மாதமாவது கொடுங்கள்.