செம்புக் குழாயில் உறைபனி வளர்க்கும் கலை நிறுவல்: ஒரு செய்முறை

ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே 1966இல் உருவாக்கிய ‘ஐஸ் ஸ்டிக்’ என்னும் படைப்பில், குளிர்பதன இயந்திரம் அடங்கிய பீடமும் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் கோலும் மட்டுமே உண்டு. கூடத்துக் காற்றிலுள்ள ஈரம் அந்தக் கோலின்மீது வெண்பனியாக உறைகிறது. 1960களின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியரான பியர் பாவ்லோ கால்ஸோலாரியும் உறைபனி படியும் உலோக வடிவங்களைச் செய்து வந்தார். பழைய ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் நாம் சுரண்டி எறியும் அதே பனிதான் இங்கே படைப்பாகிறது. இத்தகைய நிறுவலில் முதன்மையான மூலப்பொருள் செம்பு அன்று, கூடத்தின் காற்று. ஆகவே, எந்தக் கம்ப்ரசர் வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்பே, காட்சி நடக்கும் அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பகலிலும் இரவிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அறை 24 டிகிரி செல்சியஸிலும் ஈரப்பதம் 50 சதவீதத்திலும் இருந்தால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 13 டிகிரி ஆகும். குழாயின் மேற்பரப்பு அதற்குக் கீழே இறங்கினால் நீர் வியர்க்கும். பூச்சியத்துக்குக் கீழே சென்றால்தான் பனி படியும். நாம் குறிவைக்க வேண்டியது மைனஸ் 15 டிகிரி. மைனஸ் 2, 3 அளவில் நிறுத்தினால், பஞ்சு போன்ற வெண்பனிக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற இறுகிய ஐஸ் படிவதையே பெரும்பாலும் காண்பீர்கள். சென்னை போன்ற கடலோர நகரத்தில், குளிரூட்டப்படாத கூடத்தில் பனி விரைவாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அது ஈரமாகவும் கனமாகவும் ஏறி, விரைவிலேயே சொட்டத் தொடங்கும்.

வடிவத்துக்கு 3/8 அங்குல மென்செம்புக் குழாய் ஏற்றது. 10 மீட்டர் நீளத்தின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 0.3 சதுர மீட்டர். மேற்சொன்ன அறையில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 வாட் வெப்பம் உள்ளே வரும் என்று கணக்கிடலாம். அதில் ஏறக்குறைய கால் பங்கு, ஈரம் பனியாக மாறும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம். ஆக நமக்கு வேண்டியது 150 வாட் குளிர்திறன். வீட்டு ஃபிரிட்ஜ் வகைக் கம்ப்ரசர்களில் சற்றுப் பெரியதே போதும். ஆனால் அந்த 150 வாட் திறன் மைனஸ் 20 டிகிரி ஆவியாதல் நிலையில் (குளிர்பதன வாயுவான கேஸ் குழாய்க்குள் ஆவியாகும் வெப்பநிலை; அது மேற்பரப்பைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும்) கிடைக்கிறதா என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

கலைஞரும் டெக்னீஷியனும் சேர்ந்து உட்கார வேண்டிய இடம் குழாயின் பாதை. காகிதத்தில் அழகாகத் தெரியும் சுருள், உள்ளே கம்ப்ரசர் எண்ணெய் தேங்கும் பள்ளமாக இருக்கக்கூடும். கேஸ் மேலே நுழைந்து, படிப்படியாக இறங்கி, கீழே வெளியேறும்படி வரைந்தால் எண்ணெய் தானாகத் திரும்பிவிடும். மேலேறும் வளைவுகள் கலைக்குத் தேவையென்றால் அவற்றைக் குறைவாகவும் குட்டையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பிரேசிங் (உலோகத்தை உருக்கிக் குழாய்களைப் பற்றவைத்தல்) செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிடுவது கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே கருகிய ஆக்ஸைடு உதிர்ந்து, கேஸின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய கேபிலரிக் குழாயை அடைக்கும். பின்னர் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரும், திரவம் கம்ப்ரசருக்குள் போகாமல் தடுக்கும் சக்ஷன் அக்யுமுலேட்டரும் பொருத்தி, நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவு பார்த்து, வேக்கம் பம்பால் உள்ளழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்க வேண்டும்.

கேஸ் தேர்வில் ஆர்134ஏ, ஆர்600ஏ (ஐசோபியூட்டேன்) என்னும் இரண்டு குளிர்பதன வாயுக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆர்600ஏ சூழலுக்கு மிகவும் நல்லது, ஆனால் தீப்பற்றக்கூடியது. அத்துடன் மைனஸ் 20 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே இருப்பதால், ஓர் இணைப்பு கசிந்தால் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். கையால் வளைத்து, பல இணைப்புகள் வைத்துச் செய்யும் முதல் படைப்புக்கு நான் ஆர்134ஏ வகையையே பரிந்துரைப்பேன். அதன் புவிவெப்ப விளைவு கார்பன் டை ஆக்ஸைடைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு என்பதால், ஒரு கிராம்கூட வீணாகாமல் கையாளும் பொறுப்பு அதோடு சேர்ந்தே வருகிறது.

கேஸை எடைத்தராசில் வைத்துச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் சக்ஷன் கேஜ், ஆர்134ஏ வாயுவுக்கு 4 முதல் 5 பிஎஸ்ஐ காட்டினால் உள்ளே மைனஸ் 20 டிகிரி இருக்கிறது என்று பொருள். அப்போது குழாயை அருகிலிருந்து கவனியுங்கள்: முதலில் வியர்வை போன்ற துளிகள் அரும்பும், அவை தெளிந்த மணிகளாக உறையும், பிறகு ஒவ்வொரு மணியின் தலையிலும் வெள்ளை முட்கள் முளைத்து, செம்பின் நிறம் மறையும். இந்த வெள்ளைக் கோடு வடிவத்தின் கடைசி வளைவைத் தொட்டவுடன் கேஸ் ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டிக் கம்ப்ரசர் வரை பனி சென்றால், திரவம் உள்ளே போய் வால்வுகளை உடைக்கும்.

பனியே ஒரு வெப்பக்காப்பு. சுமார் 1 சென்டிமீட்டர் தடித்ததும் அதன் வெளிப்பரப்பு பூச்சியத்தை நெருங்கி, வளர்ச்சி மந்தமாகி, மேற்பரப்பு நனையத் தொடங்கும். எனவே இரவில் இயந்திரத்தை நிறுத்திப் பனியை உருகவிட்டு, காலையில் புதிதாக வளர்ப்பதே என் விருப்பம். பார்வையாளரும் பனி பிறப்பதைக் காணலாம். 10 மணி நேரக் காட்சியில் அரை லிட்டர் அளவுக்கு நீர் சேரும் என்பதால் பீடத்தில் அதற்கேற்ற தட்டு வைக்க வேண்டும்.

கம்ப்ரசரைப் பீடத்துக்குள் வைத்தால், கேஸின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் வெளியிடும் 250 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் வெளியேற வலைத்திறப்பு வேண்டும். அந்தக் காற்று பனியின்மீது வீசக்கூடாது. மின்தடைக்குப் பிறகு 5 நிமிடத் தாமதத்தோடு தொடங்கும் டைமரும், எர்த் கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் தவிர்க்க முடியாதவை. ஈரமான விரல் மைனஸ் 15 டிகிரிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், குழந்தைகளின் கை எட்டாத தூரத்தில் தடுப்பு அமைக்க வேண்டும்.

காட்சி முடிந்து படைப்பைப் பிரிக்கும்போது, குழாயை வெட்டுவதற்கு முன் ரெக்கவரி இயந்திரத்தால் கேஸ் முழுவதையும் சிலிண்டருக்கு எடுத்து, ஏற்றிய எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடை குறைந்திருந்தால், அடுத்த முறை நிறுவுவதற்குள் கசிந்த இணைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும்.