சேலத்திலிருந்து பேடில் போர்டு வாங்குகிறீர்களா? எடையில் தொடங்குங்கள்

நின்றுகொண்டே துடுப்பு போடும் பேடில் போர்டு வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது நீளத்தைத்தான். நீளம் தானாக வந்து சேரும். போர்டு எவ்வளவு எடை சுமக்க வேண்டும், எந்தத் தண்ணீரில் ஓடப் போகிறது, எவ்வளவு அகலம் என்ற வரிசையில் யோசித்தால் பணம் வீணாகாது.

முதல் படி: மொத்த எடையைக் கூட்டுங்கள்

உங்கள் எடை மட்டும் போதாது. லைஃப் ஜாக்கெட், நனைந்த துணி, தண்ணீர் பாட்டில், பை என்று 5 கிலோ சேருங்கள். பிள்ளையை முன்னால் உட்காரவைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் கூட்டுங்கள். 75 கிலோ ஆள், 15 கிலோ பிள்ளை, 5 கிலோ சாமான் என்றால் 95 கிலோ.

ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவை மிதக்கவைக்கும். அதற்காக 95 லிட்டர் போர்டு எடுத்துவிடாதீர்கள். போர்டின் எடையும் சேர்வதால், ஏறி நின்றதும் அது தண்ணீருக்குள் போய்விடும். கெட்டியான ஃபைபர் போர்டு என்றால், கற்றுக்கொள்பவருக்கு மொத்த எடையைப்போல் இரண்டு மடங்கு லிட்டர் வேண்டும். நம் கணக்கில் 190.

காற்றடிக்கும் போர்டில் லிட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். 6 அங்குலத் தடிமன் இருப்பதால் 10 அடி 6 அங்குலப் போர்டே 300 லிட்டரை நெருங்கிவிடும். அங்கே பார்க்க வேண்டியது விறைப்பு. எடை கூடினால் நடுவில் தொய்ந்து, மூக்கும் வாலும் மேலே தூக்கிக்கொள்ளும். பெட்டியில் ‘அதிகபட்சம் 130 கிலோ’ என்று போட்டிருந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்குவரைதான் சுகமாக ஓட்ட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எந்தத் தண்ணீர்?

ஏற்காடு ஏரி, கன்னங்குறிச்சி மூக்கனேரி, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் எதுவானாலும் அலையில்லாத தண்ணீர். சொந்த போர்டோடு இறங்கும் முன் அனுமதி உண்டா என்று ஏற்காடு படகு இல்லத்திலோ, அணை, ஏரிகளின் அதிகாரிகளிடமோ கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மதகுப் பக்கம் போகவே கூடாது.

அலையில் ஏறும் சர்ஃப் வகைப் போர்டு 8, 9 அடிதான் இருக்கும், லிட்டரும் குறைவு. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ அலை தள்ளும்போது அதன் குட்டை உடம்பு சட்டென்று திரும்பும். அதே குணம் ஏரியில் தொல்லை. ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கு ஒரு பக்கம் ஓடும். வேகம் இல்லாததால் நிற்பதும் கடினம். சேலத்தில் இருப்பவர் முதல் போர்டாக இதை வாங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கடலுக்குப் போகும்போது அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

உங்களுக்குத் தேவை 10 முதல் 11 அடி, வட்ட மூக்கு உள்ள ஆல்ரவுண்ட் போர்டு. மேட்டூர்போல் அகன்ற நீரில் நெடுந்தூரம் போக ஆசைப்படுபவர் கூர்மூக்கு டூரிங் போர்டை, 11 அடி 6 அங்குலம் முதல் 12 அடி 6 அங்குலம் வரை, பார்க்கலாம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும் காற்றுப் போர்டைச் சொல்லவே வேண்டாம். அந்த மாதத்தில் திறந்த நீர்ப்பரப்பைத் தவிருங்கள்.

மூன்றாம் படி: அகலம்

மொத்த எடை 60 கிலோவுக்குள் என்றால் 30, 31 அங்குலம். 60 முதல் 80 வரை 32. அதற்கு மேல் 33, 34. தள்ளாட்டத்துக்குப் பயந்து எல்லோரும் 34 எடுப்பது தவறு. உயரம் குறைந்தவருக்கு அகலமான போர்டின் ஓரத்தைத் தாண்டித் துடுப்பைச் செங்குத்தாக இறக்க முடியாது. துடுப்பு சாய்ந்து விழும். சாய்ந்தால் போர்டு நேராகப் போகாது, தோளும் வலிக்கும்.

நான்காம் படி: கெட்டியா, காற்றா?

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். 10 அடிப் போர்டைக் காரின் கூரையில் கட்டி ஏற்றலாம்தான். ஆனால் மாடிவீட்டின் குறுகிய படிக்கட்டில் அதைத் தினமும் தூக்க வேண்டுமே. காற்றுப் போர்டு பைக்குள் சுருண்டுவிடும். பெரும்பாலும் 8 முதல் 11 கிலோ. 4 அங்குலத் தடிமன் உள்ளதை விலைக்காக வாங்காதீர்கள், வளையும்.

காற்றடிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வால்வின் நடுவில் உள்ள ஊசியை அழுத்தித் திருகி மேலே எழுப்பிவிட்டுக் குழாயை மாட்டுங்கள். ஊசி கீழேயே இருந்தால், குழாயைக் கழற்றிய நொடியில் அடித்த காற்றெல்லாம் வெளியே பாய்ந்துவிடும். தொடக்கத்தில் பம்பின் அழுத்தமானி முள் அசையாது. பம்ப் கெட்டுவிட்டதென்று நிறுத்தாதீர்கள். போர்டு வடிவம் பெற்று இறுகிய பிறகே முள் நகரும். அழுத்தக் கடினமானதும், இழுக்கும்போதும் அழுத்தும்போதும் காற்றடிக்கும் இருவழிப் பம்பை, அழுத்தும்போது மட்டும் அடிக்கும் ஒருவழிக்கு மாற்றுங்கள். போர்டில் அச்சிட்ட எல்லைக்குள் 12 முதல் 15 பிஎஸ்ஐ. எடை கூடியவர்கள் 15 பக்கம்.

வெயிலில் 15 அடித்துக் குளிர்ந்த ஏரியில் விட்டால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கும். நீரில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். இதற்கு நேர்மாறாக, முழுதும் அடித்த போர்டைச் சேலத்துச் சித்திரை வெயிலில் போட்டுவைத்தால் அழுத்தம் ஏறி ஒட்டிய ஓரங்கள் பிரியலாம். நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள். மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அடிவாரத்தில் அடித்துக் கொண்டுபோகாமல் மேலே போய் அடிப்பது நல்லது.

துடுப்பும் மற்றவையும்

துடுப்பின் நீளம் உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 சென்டிமீட்டர் அதிகம். அதன் அலகு, அதாவது நீரில் இறங்கும் தட்டைப் பகுதி, முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பாதிப்பேர் திருப்பிப் பிடிக்கிறார்கள். போர்டு நேராகப் போக அதன் அடியில் மாட்டும் தகடுதான் ஃபின். ஏரிக்கு ஒரே பெரிய நடு ஃபின் போதும், பாசி அதிகமென்றால் பின்னோக்கிச் சாய்ந்த ஃபின். காலைப் போர்டோடு இணைக்கும் கால் கயிறு சுருள் வகையாக இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல், நீந்தத் தெரிந்தவர்கள்கூட, இறங்கக் கூடாது.

வாங்கும் முன் நீரில் சோதனை

முடிந்தால் அதே அளவு போர்டை வாடகைக்கு எடுத்து, இடுப்பளவு நீரில் ஏறுங்கள். போர்டின் நடுவில் உள்ள கைப்பிடிக்கு இருபுறமும் பாதங்களை வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, பார்வையை எதிர்க்கரையில் வையுங்கள். வால் அமிழ்ந்தால் நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள், முன்னால் நகருங்கள். சரியான இடத்தில் நின்றும் கெட்டிப் போர்டின் மேல்தளம் முழுக்க நனைந்தால் லிட்டர் போதவில்லை. பத்து நிமிடம் கழித்தும் பக்கவாட்டு ஆட்டம் அடங்காவிட்டால் அகலம் போதவில்லை, இரண்டு அங்குலம் கூட்டிப் பாருங்கள். ஆடாமல் நிற்கிறது, ஆனால் நேராகப் போகவில்லை என்றால் போர்டை மாற்ற அவசரப்படாதீர்கள். பெரிய ஃபின் மாட்டி, துடுப்பைச் செங்குத்தாக இறக்கி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.