முட்டியில சத்தம் வருதுன்னு பயந்து பண்ற தப்புங்க

உக்காந்து எழுந்தா முட்டில டக்குனு ஒரு சத்தம், மாடிப்படி ஏறினா நறநறன்னு, காலை மடக்கி நீட்டினா கடக் கடக்னு, இதைக் கேட்டதும் முக்காவாசிப் பேருக்கு மனசுல ஓடறது ஒன்னுதான், ஜவ்வு தேஞ்சுபோச்சு, இனிமே ஆபரேஷன்தான். நான் சென்னையில பிசியோதெரபி பார்க்கறேன், வர்றவங்ககிட்ட முதல்ல கேக்கறதே வலி இருக்கா வீக்கம் இருக்கான்னுதான், நிறைய பேர் "அதெல்லாம் இல்லீங்க, சத்தம் மட்டும்தான், அதான் பயமா இருக்கு"ன்னு சொல்றாங்க. வலி இல்ல, வீக்கம் இல்ல, முட்டி எங்கயும் சிக்கிக்கறது இல்ல, நடக்கும்போது திடீர்னு கால் மடங்கறது இல்ல, அப்படின்னா அந்த சத்தத்துக்குன்னு தனியா எந்த வைத்தியமும் வேண்டாம். அந்த பயத்துல பண்ற காரியங்கதான் முட்டியைக் கெடுக்குது, இதை நான் தினமும் பார்க்கறேன்.

சத்தம் ஏன் வருதுன்னு புரிஞ்சிட்டாலே பாதி பயம் போயிடும். மூட்டுக்குள்ள வழவழன்னு ஒரு திரவம் இருக்கு, அதுல கேஸ் கரைஞ்சிருக்கும், மூட்டு கொஞ்சம் விரிஞ்சு உள்ள அழுத்தம் குறையறப்போ அந்த கேஸ் குமிழியா வெளிய வரும், அப்போதான் டக்குனு கேக்குது. கனடாவுல ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டில 2015ல விரல் சொடக்கு எடுக்கும்போதே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாங்க, சத்தம் வர்ற அதே நேரத்துல மூட்டுக்குள்ள அந்த இடைவெளி உருவாகறது தெளிவா தெரிஞ்சுது. ஒரு தடவை சொடக்கு எடுத்தா அதே விரல்ல மறுபடி சத்தம் வர இருபது நிமிஷம் போல ஆகும், அந்த கேஸ் திரும்ப கரையணும் இல்லையா, அதனாலதான். இன்னொரு வகை, தசைநாரு எலும்பு மேட்டைத் தாண்டி நழுவறது, இது ஒவ்வொரு தடவையும் அதே கோணத்துல வரும், நிறைய பேருக்கு சின்ன வயசுல இருந்தே இருக்கும். மூணாவது அந்த நறநற. முட்டிச் சில்லு மேல உள்ளங்கையை வச்சிட்டு காலை மெதுவா மடக்கி நீட்டிப் பாருங்க, கைக்கே தெரியும், சில்லோட பின்பக்கமும் தொடை எலும்பும் உரசிப் போற இடம் அது, கொஞ்சம் சொரசொரப்பா இருந்தா அப்படித்தான் கேக்கும், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு இது இருக்கு.

அமெரிக்காவுல டொனால்ட் அங்கர்னு ஒரு டாக்டர், அறுபது வருஷத்துக்கு மேல இடது கையில மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையை அப்படியே விட்டுப் பார்த்தாரு, ரெண்டு கைக்கும் வித்தியாசமே இல்ல, எதுலயும் ஆர்த்ரைட்டிஸ் வரல, 2009ல அவருக்கு, சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கற ஆய்வுங்களுக்குக் குடுக்கற இக் நோபல் பரிசுகூட குடுத்தாங்க. ஒரே ஆளோட கதைதான், அதுவும் விரல், ஆனா சொடக்கு எடுத்தா மூட்டு தேயும்னு வீட்டுல திட்டு வாங்கறவங்களுக்கு ஒரு ஆறுதல்.

அதே சமயம் முழுசா ஒன்னுமே இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன். 2017ல அமெரிக்காவுல சுமார் 3500 பேரை வச்சுப் பண்ண ஆய்வுல, அடிக்கடி எப்பவுமே முட்டில சத்தம் கேக்குதுன்னு சொன்னவங்களுக்கு அடுத்த சில வருஷத்துல மூட்டு தேய்மான வலி வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகமா இருந்துச்சு, அதுலயும் எக்ஸ்ரேல ஏற்கெனவே கொஞ்சம் தேய்மானம் தெரிஞ்சவங்களுக்குத்தான் முக்கியமா. அதனால ஐம்பது தாண்டினவங்க, சத்தம் விடாம வருதுன்னா, தொடையை பலப்படுத்த இப்பவே ஆரம்பிங்கன்னு அர்த்தம் எடுத்துக்கோங்க, அதுக்கு மேல கலங்க வேண்டாம்.

இப்ப பெரிய தப்புக்கு வர்றேன், நடக்கறதை நிறுத்தறது. மயிலாப்பூர்ல நாகேஸ்வரராவ் பார்க்ல தினமும் ரவுண்டு போயிட்டிருந்த ஒரு அம்மா, கூட நடக்கறவங்க "நடந்தா இன்னும் தேயும்டி"ன்னு சொன்னதை நம்பி வீட்டோட உக்காந்துட்டாங்க. என்கிட்ட வந்தப்போ சத்தம் அதேதான், ஆனா இப்ப சேர்லேர்ந்து எழுந்திருக்கவே ரெண்டு கையையும் ஊன வேண்டியிருக்கு. முட்டிக்கு மேல டேப் வச்சு அளந்தேன், வலது தொடை இடதைவிட கண்ணுக்கே தெரியற மாதிரி இளைச்சிருந்துச்சு. இதுல என்ன விஷயம்னா மூட்டுல எலும்பு முனையை மூடியிருக்கற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, நடக்கும்போது அழுந்தி விடறப்போதான் அந்த மூட்டுத் திரவம் உள்ள போய் அதுக்கு சத்து குடுக்குது, நடக்காம வச்சிருந்தா அந்த சத்து சரியா போகாது, தொடை தசையும் இளைக்கும், தசை இளைச்சா முழு எடையும் முட்டி மேல, அப்புறம் நிஜமாவே வலி வரும், அப்போ "பார்த்தியா நான் அப்பவே சொன்னேன் தேஞ்சுடுச்சுன்னு"ம்பாங்க. அந்த அம்மாவுக்கு நான் மருந்து எதுவும் தரல, தொடைக்கு வேலை குடுத்தேன், அவ்வளவுதான், இப்ப மறுபடி பார்க்ல நடக்கறாங்க, சத்தம் இன்னும் இருக்கு, அதைப் பத்தி அவங்க கவலைப்படறது இல்ல.

அந்த வேலை என்னன்னா, கால் நீட்டி உக்காந்து முட்டிக்குக் கீழ ஒரு துண்டைச் சுருட்டி வச்சு, முட்டியால அதைக் கீழ அழுத்தி அஞ்சு எண்ணி விடணும், பத்து தடவை. அப்புறம் மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வச்சு இன்னொரு காலை நேரா ஒரு அடி தூக்கி நிறுத்தி மெதுவா இறக்கணும். ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைத் தூக்கறது, இதை நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா இடுப்புப் பக்கத் தசை வீக்கா இருந்தா முட்டி உள்பக்கமா சாயும், சில்லு சரியான பாதையில ஓடாது, அதனால விடாதீங்க. இதெல்லாம் பழகினதும் கை ஊனாம சேர்லேர்ந்து எழுந்து உக்காரறது, உக்காரும்போது தொப்புனு விழாம மெதுவா இறங்கணும், உண்மையான பலம் அந்த இறங்கறதுலதான் வரும். பண்ணும்போது லேசா வலிச்சா பரவாயில்ல, மறுநாள் காலையில அடங்கிடணும், அடங்கலன்னா எண்ணிக்கையைக் குறைங்க, நிறுத்தாதீங்க. ஒரு வாரத்துல ஒன்னும் தெரியலன்னு விட்டுட்டுப் போறவங்கதான் அதிகம், தசை ஏறறதுக்கு ஆறுலேர்ந்து பன்னெண்டு வாரம் ஆகும்.

இன்னொரு பழக்கம், சத்தம் இன்னும் வருதா வருதான்னு ஒரு நாளைக்குப் பல தடவை குந்தி எழுந்து செக் பண்றது, வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் மடக்கிக் காட்டறது. தயவுசெஞ்சு வேண்டாம், சில்லுக்குப் பின்னாடி எரிச்சல் இருக்கறவங்களுக்கு இதுவே வலியைக் கிளப்பிவிடும்.

சரி, எந்த சத்தத்தை சும்மா விடக்கூடாது? அடிபட்ட நேரத்துல கேட்ட சத்தம். டர்ஃப்ல ஃபுட்பால் ஆடறப்போ கால் ஊனி உடம்பு மட்டும் திரும்பிடுச்சு, இல்ல மழையில வேளச்சேரி பக்கம் பைக் ஸ்கிட் ஆச்சு, உள்ள பட்டுனு ஏதோ அறுந்த மாதிரி சத்தம், அடுத்த சில மணி நேரத்துல முட்டி பந்தா வீங்குது, இது ஏசிஎல், அதாவது முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடிச்சு வைக்கற லிகமெண்ட், கிழிஞ்சதா இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. இங்கதான் ரொம்பப் பேர் ஏமாறறாங்க, எக்ஸ்ரே எடுத்து எலும்பு உடையலன்னதும் நிம்மதியாயிடறாங்க, எக்ஸ்ரேல லிகமெண்ட் தெரியவே தெரியாது. எண்ணெய் போட்டு நீவி விடறது, கட்டு கட்டற இடத்துல போய் இறுக்கமா கட்டி வாரக்கணக்குல அசைக்காம வச்சிருக்கறது, அப்புறம் கட்டைப் பிரிச்சா வீக்கம் வத்தியிருக்கும், ஆனா முட்டி விறைச்சுப் போய் முழுசா மடங்காது, நடந்தா கால் நழுவும், அப்படியே மறுபடி விளையாடப் போய், ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கற ஜவ்வையும் (மெனிஸ்கஸ்) சேர்த்துக் கிழிச்சிட்டு வர்ற பசங்களைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு. அடிபட்ட முதல் ரெண்டு மூணு நாள் ஐஸ், காலைத் தூக்கி வைக்கறது, அதிகம் ஊனாம இருக்கறது, எலும்பு டாக்டர் கையால ஆட்டிப் பார்த்து சோதிக்கறது, இதுதான் வழி, சூடு ஒத்தடமும் நீவறதும் அப்போ கூடவே கூடாது.

அடி படாமலே கூட முட்டி பாதியில சிக்கி நீட்ட முடியாம நின்னா கிழிஞ்ச ஜவ்வு நடுவுல மாட்டியிருக்கலாம், தள்ளிப்போடாம காட்டணும். முட்டி சிவந்து சூடா வீங்கி காய்ச்சலும் இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி, உள்ள கிருமி தொத்தியிருக்கலாம், காலையில பார்த்துக்கலாம்னு விடற விஷயமே இல்ல அது.

இதுக்கு நேர் எதிரா, சத்தம் மட்டும் இருக்கறவங்க நேரா ஸ்கேன் சென்டருக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்துட்டு ரிப்போர்ட்டோட வர்றாங்க. 2008ல அமெரிக்காவுல ஐம்பது வயசுக்கு மேற்பட்ட ஊர்க்காரங்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததுல, ஜவ்வு கிழிஞ்சிருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின மாசம் முட்டில வலியோ விறைப்போ எதுவுமே இல்ல. தலைமுடி நரைக்கற மாதிரி வயசாக ஆக ஜவ்வுலயும் இதெல்லாம் வரும், ரிப்போர்ட்ல டியர் (கிழிசல்)னு எழுதியிருக்கறதைப் பார்த்து தூக்கம் கெடுத்துக்காதீங்க, கையால சோதிச்சுப் பார்த்த டாக்டர் கேட்டா மட்டும் எடுங்க.

மாத்திரை விஷயத்துல எனக்கு நிஜமாவே கோவம் வரும். மெடிக்கல்ல போய் "முட்டி வலிக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேட்டு டைக்ளோஃபினாக்கை மாசக்கணக்குல போடறாங்க, வயித்துல புண்ணு, பிபி ஏறறது, கிட்னி பாதிக்கறது, அதுலயும் ஏற்கெனவே பிபிக்கு மாத்திரை போடறவங்களுக்கு, சுகர் இருக்கறவங்களுக்கு ஆபத்து இன்னும் ஜாஸ்தி. அதே மருந்து ஜெல்லா வருது, முட்டி மேல தடவினா ரத்தத்துல கலக்கறது ரொம்பக் கம்மி, முட்டி வலிக்கு முதல்ல முயற்சி பண்ண வேண்டியது அதைத்தான். பேரே இல்லாத பொட்டலத்துல வர்ற "மூட்டுவலி மருந்து" சாப்பிட்டு ரெண்டே நாள்ல பறந்துடுச்சுன்னு யாராவது சொன்னா சந்தேகப்படுங்க, ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரையும் அப்படித்தான், குறைபாடு இருந்தா டாக்டர் சொன்ன வாரக்கணக்குக்கு மட்டும், சத்தம் வருதுன்னு இஷ்டத்துக்குப் போட்டா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னிக்கு வம்பு.

குளுக்கோசமைன் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. 2006ல வந்த பெரிய ஆய்வுல 1583 பேரைக் குழு குழுவா பிரிச்சு, சில குழுவுக்கு அதையும் ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் குடுத்துப் பார்த்தாங்க, மொத்தத்துல அந்த வெறும் மாத்திரையைவிட பெரிய பலன் இல்ல. பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை தாராளமா சாப்பிடுங்க, ருசிதான், ஆனா அதை நம்பி எக்ஸர்சைஸை விட்டுடாதீங்க.

முட்டிக்கு மாட்டற எலாஸ்டிக் உறை, அதான் நீ-கேப் (knee cap), போடலாம், வெளிய நடக்கப் போகும்போது, கூட்டமா பஸ் ஏறும்போது, தைரியமா இருக்கும். காலையில போட்டு ராத்திரி வரைக்கும் கழட்டாம இருக்கறதும், சின்ன சைஸ் வாங்கி பாதம் வீங்க விடறதும்தான் தப்பு.

எடை பத்தி ஒரே வரி, ஒரு கிலோ குறைச்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு சுமார் நாலு கிலோ பாரம் குறையுது, அதனால அஞ்சு கிலோன்னாலே நல்லா வித்தியாசம் தெரியும்.

தரையில சம்மணம் போடறது, குந்தி உக்காந்து கோலம் போடறது, இந்தியன் டாய்லெட், இதெல்லாம் வலி இல்லாதவங்களுக்கு ஒரு தப்பும் கிடையாது, பழக்கம் இருந்தா விடவே வேண்டாம். வலி இருக்கறவங்க மட்டும் வலி அடங்கற வரைக்கும் ஆழமா மடக்கறதைக் குறைச்சுக்கலாம். படியிலயும் ஏறறதைவிட இறங்கறதுதான் சில்லுக்கு பாரம், பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல எவ்வளவு படின்னு உங்களுக்கே தெரியும், கைப்பிடியைப் பிடிச்சுட்டு ஏறும்போது நல்ல காலை முதல்ல வைங்க, இறங்கும்போது வலிக்கற காலை முதல்ல வைங்க. திருப்பதிக்கு அலிபிரி வழியா நடக்க வேண்டிக்கிட்டவங்க அந்த 3550 படிக்கு ஒரு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தொடையைத் தயார் பண்ணுங்க, முந்தின வாரம் ஆரம்பிச்சா பத்தாது. மெரினா மணல்ல வெறுங்கால்ல வேகமா நடக்கறதும் ஆரம்பத்துல வேண்டாம், பக்கத்துல நடைபாதை இருக்கே, நல்ல ஷூ போட்டு அதுல நடங்க.

ஊசி, ஆபரேஷன். ஸ்டீராய்டு ஊசி வலி உச்சத்துல இருக்கறப்போ சில வாரம் கை குடுக்கும், ஆனா மூணு மாசத்துக்கு ஒன்னுன்னு ரெண்டு வருஷம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வுல வலியில வித்தியாசம் இல்ல, குருத்தெலும்புதான் இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. நம்ம ரத்தத்தையே எடுத்துப் பிரிச்சு முட்டில போடற பிஆர்பி ஊசிக்கு நிறைய காசு கேக்கறாங்க, 2021ல வந்த ஆய்வுல அது வெறும் உப்புத்தண்ணி (சலைன்) ஊசியைவிட மேல இல்ல. தேய்மானத்துக்கு உள்ள கேமரா விட்டு கிளீன் பண்ற ஆபரேஷன் பயன் இல்லன்னு 2002லயே, தோலை மட்டும் கீறி மூடின ஆளுங்களோட ஒப்பிட்டு காட்டிட்டாங்க. மூட்டு மாத்தற ஆபரேஷன் வேற, அது ராத்திரி தூங்க முடியாத வலி, நாலு வீடு தாண்டி நடக்க முடியாத நிலைமைக்கு, அப்போ அதைத் தள்ளிப்போடறதும் தப்புதான். செயற்கை மூட்டோட விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்ட்ல உச்சவரம்பு வச்சிருக்கு, அதனால பில்லுல மூட்டு எவ்வளவு, ஆஸ்பத்திரி சார்ஜ் எவ்வளவுன்னு தனித்தனியா கேளுங்க. மாத்தின மூட்டுலயும் லேசா டக் டக்னு கேக்கும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடற சத்தம், வலி இல்லன்னா அதுக்கும் கலங்க வேண்டாம்.

தனியார்ல பிசியோ கட்டுப்படி ஆகாதுன்னு விட்டுடறவங்களுக்கு, அரசு பொது மருத்துவமனையில பிசியோ டிபார்ட்மெண்ட் இருக்கு, கே.கே. நகர்ல அரசோட புனர்வாழ்வு மருத்துவ நிலையமே தனியா இருக்கு. போறப்போ முட்டிக்கு மேல தூக்கி விடற மாதிரி லூசா டிரஸ் போட்டுட்டுப் போங்க, பழைய எக்ஸ்ரே இருந்தா எடுத்துக்கோங்க, இப்ப போடற எல்லா மாத்திரையோட அட்டையையும் எடுத்துக்கோங்க, சத்தம் வருதுன்னு மட்டும் சொல்லாம எந்தப் பக்கம் வலிக்குது, ஏறும்போதா இறங்கும்போதா, வீக்கம் எப்ப வந்துச்சு, கால் எப்பவாவது சிக்குச்சா நழுவுச்சான்னு சொல்லுங்க, டாக்டருக்கு அதுதான் வேணும்.